கடைசி ஆளுக்கு வெட்டிய வேல்

என் கடைக்கு வருகிறவர்கள் மிஷினைப் பார்த்ததும் முதலில் கேட்பது, கத்தி ஏன் சுற்றவில்லை என்பதுதான். மரப்பலகை அறுக்கிற மிஷின், அலுமினியத் தகடு அறுக்கிற மிஷின், இப்போது மட்டும் கத்தி சும்மா நிற்கிறதே என்று எட்டிப் பார்ப்பார்கள். இது இழுபட்டுப் போகிற கத்தி, டிராக் நைஃப் என்று பெயர் என்பேன். மோட்டாரை அணைத்துவிட வேண்டும். மிஷினின் கை போகிற பக்கமெல்லாம் கத்தி அதன் பின்னாலேயே போகும், வளைவு வந்தால் தானாகத் திரும்பிக்கொள்ளும். மெல்லிய வினைல் வெட்டுவதற்கு அதுதான் தோதானது.

நடந்ததை முதலிலிருந்து என் கைப்பட எழுதித் தரச் சொன்னீர்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. அதனால் தொழிலிலிருந்து ஆரம்பிக்கிறேன். உங்கள் ஏட்டையா முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டு, அச்சடித்த மாதிரி இருக்கிறது என்றார். இருபது வருடமாக எழுத்தோடு குடித்தனம் நடத்துகிறவன், அப்படித்தான் இருக்கும்.

என் பெயர் சத்தியமூர்த்தி. வயது ஐம்பத்து நான்கு. காரைக்குடி செக்காலை ரோட்டில் போர்டு, ஸ்டிக்கர் கடை வைத்திருக்கிறேன். கார்க் கண்ணாடியில் கல்யாண ஜோடியின் பெயர், ஆட்டோ முதுகில் பிள்ளைகள் பெயர், கடைக் கதவில் இழு, தள்ளு என்று எல்லாம் வெட்டுவேன். வினைல் வெங்காயச் சருகைவிடக் கொஞ்சம்தான் தடிமன். அடியில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். மேலே உள்ள படலம் மட்டும் அறுபட வேண்டும், தாளில் கீறல் விழக்கூடாது. புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்கள் எல்லோரும் அழுத்திவிடுகிறார்கள். அழுத்தினால் தாளும் சேர்ந்து அறுபட்டு எல்லாம் பாழாகிவிடும். நான் எதையும் அழுத்துகிறவன் இல்லை, என்னைத் தெரிந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

ரேடியம் என்று நாங்கள் சொல்வது வேறு சரக்கு. வண்டி விளக்கு பட்டால் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கிற ஷீட். உள்ளே கண்ணுக்குத் தெரியாத கண்ணாடிப் பொடி இருப்பதால் கத்தியைத் தின்றுவிடும். ஒரே கோட்டில் இரண்டு தடவை ஓட்ட வேண்டும். கூர்மையான முனைகள் கொஞ்சம் மழுங்கித்தான் வரும். சாதா வினைலில் அந்தத் தொல்லை கிடையாது, முனை ஊசி மாதிரி வரும். பகலில் மஞ்சள் ரேடியத்தையும் மஞ்சள் வினைலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தொழில்காரனைத் தவிர யாருக்கும் வித்தியாசம் தெரியாது. இருட்டில் விளக்கு அடித்தால்தான் தெரியும். இது மட்டும் உங்களுக்கு ஞாபகம் இருந்தால் போதும், மற்றதெல்லாம் எளிதாகப் புரிந்துவிடும்.

இனி என் தம்பியைப் பற்றி.

எங்கள் அப்பா சிவகங்கையில் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தார். ஒருநாள் மதியம் மேஜையிலேயே சாய்ந்தார், அவ்வளவுதான். பணியில் இருக்கும்போது இறந்துபோனால் வாரிசுகளில் ஒருவருக்கு வேலை கொடுப்பார்கள். ஒருவருக்குத்தான். மற்றவர்கள் தங்களுக்கு ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். எனக்கு அப்போது இருபத்தேழு வயது, ஐடிஐ முடித்துவிட்டு ஒரு பட்டறையில் ஃபிட்டராக இருந்தேன். தம்பி பாண்டியராஜனுக்கு இருபத்து மூன்று. ஒரு வேலையிலும் மூன்று மாதம் சேர்ந்தாற்போல் இருந்ததில்லை. யாராவது அழுதால் கூட உட்கார்ந்து அழுகிற ஆள். மூத்தவன் நான், முறை எனக்குத்தான் என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் நினைத்தார்கள். நானும் நினைத்தேன். சட்டை தைக்கக்கூடக் கொடுத்துவிட்டேன்.

எங்கள் அம்மா சோணையம்மாள் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். "நீ கைத்தொழில் கத்தவன், எங்குட்டுப் போனாலும் பொழச்சுக்குவ. அவென் சூதானமில்லாத பய. வேலைய அவனுக்கு விட்டுக் குடுத்துரப்பா" என்றார்.

கையெழுத்துப் போட்டேன். யாரும் என் கையைப் பிடித்துப் போட வைக்கவில்லை. அதைச் சொல்லிக் குறைப்பட்டுக்கொள்ள எனக்கு உரிமை கிடையாது.

அன்றிலிருந்து எங்கள் பக்கத்தில் எனக்கு ஒரு பெயர் வந்துவிட்டது. விட்டுக்கொடுத்த மனுசன். கல்யாண வீட்டில், காதுகுத்தில், எங்கே போனாலும் பாண்டி என் தோளைப் பிடித்து நாலு பேர் முன்னால் நிறுத்துவான். இது எங்கண்ணே, நான் திங்கிற சோறு இவுக போட்டது என்பான். இருபத்தைந்து வருடமாகச் சொன்னான். மனதாரத்தான் சொன்னான், எனக்குக் கசந்ததே அதுதான். ஒரு தடவையாவது மறந்து தொலைத்திருக்கலாம். சிலர் நன்றி கெட்டவர்களாக இருப்பது எவ்வளவு பெரிய உதவி என்று அவனைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது.

அடுத்தது பிள்ளை. பாண்டிக்கும் அவன் மனைவி சந்திரலேகாவுக்கும் குழந்தை இல்லை. எனக்கு இரண்டு. மூத்தது பெண், இளையவன் அஜித். சந்திரலேகா எங்கள் வீட்டுக்கு வந்தால் அஜித்தைத் தூங்க வைத்துவிட்டு, எழுந்து போக மனசில்லாமல் அப்படியே உட்கார்ந்திருப்பாள். வாய் திறந்து கேட்கவில்லை. சொந்தக்காரர்கள்தான் கேட்டார்கள். கேட்டுவிட்டு எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். விட்டுக்கொடுக்கிறவன் என்று பெயர் எடுத்தவன் என்ன பதில் சொல்ல முடியும்? என் மனைவி வீரலட்சுமி மூன்று நாள் சாப்பிடவில்லை. அஜித்துக்கு ஒன்பது வயதானபோது முறைப்படி பதிவு செய்து தம்பிக்குத் தத்துக் கொடுத்தோம்.

தம்பி வீடு அடுத்த தெருவில்தான். மறுநாள் காலையில் பள்ளிக்கூடம் போகிற வழியில் பிள்ளை கடை வாசலில் நின்று, "பெரியப்பா, போயிட்டு வாரேன்" என்றான். வீட்டில் சொல்லிக்கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். மிஷினில் ஒரு வேலை ஓடிக்கொண்டிருந்தது, அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது அவன் தெருமுனைக்குப் போய்விட்டான்.

அஜித் நன்றாகத்தான் வளர்ந்தான். பி.காம். முடித்தான். அரசுத் தேர்வு மூன்று தடவை எழுதினான், மூன்று தடவையும் ஐந்து, ஆறு மார்க்கில் போயிற்று. ஒரு செல்போன் கடையில் வேலைக்குச் சேர்ந்தான். காலை ஒன்பதரையிலிருந்து நிற்க வேண்டும், உட்கார ஸ்டூல்கூடக் கிடையாது. என் கடைக்கு வந்தால் முதலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீவிக்கொள்வான். அதைப் பார்க்கும்போதெல்லாம் சிவகங்கையில் மின்விசிறிக்குக் கீழே என் தம்பி உட்கார்ந்திருக்கிற நாற்காலி எனக்கு ஞாபகம் வரும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பாண்டி கடைக்கு வருவான். வெட்டிய ஷீட்டில் எழுத்தை விட்டுவிட்டு வேண்டாத பாகத்தை உரித்து எடுக்க வேண்டும், பொறுமையான வேலை. ஊசியும் இடுக்கியும் வைத்துக்கொண்டு மதியம் வரை உரித்துக்கொடுப்பான். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவனுக்கு நாற்பத்தேழு வயது நடந்துகொண்டிருந்தபோது, தலையை நிமிர்த்தாமலே சொன்னான்.

"அம்பது முடியவும் விருப்ப ஓய்வுக்கு எழுதிக் குடுத்துரலாம்னு இருக்கேண்ணே. ஒங்க கண்ணு முன்ன மாதிரி இல்ல. தட்டுத் தடுமாறி உரிக்கிறீக. நான் வந்து ஒங்ககூட இங்குட்டு ஒக்காந்துக்கிறேன்."

எனக்கு என்ன தோன்றியது என்று எழுதச் சொன்னால் எழுதுகிறேன். ஓய்வு பெற்றுப் போனால் அந்த வேலை அவனோடு முடிந்துவிடும். பணியில் இருக்கும்போது போனால்தான் வாரிசுக்கு வரும். இது நான் கண்டுபிடித்த விதி இல்லை, அரசாங்கம் போட்டது. எங்கள் அப்பா உயிரைக் கொடுத்து வாங்கிய வேலை. நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வேலை. அது என் மகனுக்கு வர வேண்டும். அதை இவன், எனக்கு உபகாரம் செய்கிறேன் என்று, ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வரப்போகிறான். டீ வாங்கி வரச் சொன்னேன், போய் வாங்கி வந்தான்.

தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிறவர்களைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எங்கள் செக்காலைக் குழுவில் வருடா வருடம் சுமார் நாற்பது பேர் போவார்கள். குன்றக்குடியில் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினால் திருப்பத்தூர், சிங்கம்புணரி, நத்தம் என்று ஏழு நாள். வெயிலுக்கு முன்னால் தூரத்தைக் கடக்க வேண்டும் என்று இருட்டோடு நடப்பார்கள். ரோட்டில் லாரி போகும். அதனால் ஒவ்வொருவர் பையிலும் முதுகுப் பக்கம் தெரிகிற மாதிரி ரேடியம் ஒட்டுவது கட்டாயம். அதை நான் கைங்கரியமாகச் செய்து கொடுத்துவந்தேன். ஒரு அடி உயரத்தில் மஞ்சள் வேல். தூரத்திலிருந்து பார்த்தால் வேல்களெல்லாம் வரிசையாக எரிந்துகொண்டு போவது மாதிரி இருக்கும் என்பார்கள்.

பாண்டி பதினெட்டு வருடமாக நடந்தவன். குழுவில் அவன்தான் கடைசி ஆள். அது ஒரு பொறுப்பு. கால் கொப்பளித்தவர்கள், வயதானவர்கள், செருப்பறுந்தவர்கள் யாரும் பின்தங்கிவிடாமல் எல்லோரையும் முன்னால் விட்டுவிட்டு அவன் பின்னால் வருவான். அவனுக்குப் பின்னால் ரோடுதான் இருக்கும். அந்த வேலைக்கு அவனைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது என்று குழுவில் எல்லோரும் சொல்வார்கள், நானும் சொல்லியிருக்கிறேன்.

அந்த வருடம் குழுவில் நாற்பத்தொரு பேர். நாற்பது வேல்களை ரேடியத்தில் வெட்டினேன். ஒன்றைச் சாதா வினைலில் வெட்டினேன்.

ரேடியம் தீர்ந்துபோய்விட்டது என்று முதல் நாள் விசாரணையில் உங்களிடம் சொன்னேன். தீரவில்லை. அரை ரோல் அலமாரியில் இருந்தது. அந்த ஒன்றுக்காகக் கத்தியை மாற்றி, ஆழத்தைக் குறைத்து, ஓரத்தில் சின்னச் சதுரம் ஒன்றைச் சோதனைக்கு வெட்டி உரித்து, தாளில் கீறல் விழவில்லை என்று தெரிந்த பிறகுதான் வேலை ஓட்டினேன். நல்ல வேலைப்பாடு. தம்பியின் பையை வாங்கி என் கையாலேயே ஒட்டினேன், ஒரு காற்றுக் குமிழ் இல்லாமல். அவன் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, மற்றவர்களுடைய வேல்களைப் பார்த்தான்.

"எனக்கு மட்டும் எப்புடிண்ணே இம்புட்டுக் கூரா வெட்டுனீக?" என்று கேட்டான். அவ்வளவு சந்தோஷம் அவனுக்கு. தம்பி என்பதால் அண்ணன் தனியாகக் கவனித்து வெட்டியிருக்கிறார் என்று குழுவில் எல்லோரிடமும் காட்டியிருக்கிறான்.

அந்த வருடம் நல்லபடியாகத் திரும்பி வந்தான். பஞ்சாமிர்தம் கொண்டுவந்து கொடுத்தான். சாப்பிட்டேன்.

அடுத்த வருடம் பழைய வேலின் ஓரம் வெயிலில் தூக்கியிருந்தது. உரித்துவிட்டுப் புதிதாக வெட்டி ஒட்டினேன். அந்த வருடமும் திரும்பி வந்தான். மூன்றாவது வருடம், அவனுக்கு ஐம்பது முடிய நான்கு மாதம் இருந்தது. விருப்ப ஓய்வுக் கடிதத்தை எப்படி எழுத வேண்டும் என்று அலுவலகத்தில் கேட்டு ஒரு மாதிரி வாங்கிவைத்திருந்தான், என்னிடம் காட்டினான். மூன்றாவது வேலையும் சாதா வினைலில்தான் வெட்டினேன்.

இதை நீங்கள் கொலை என்கிறீர்கள். நான் சொல்வதையும் ஒரு பக்கம் எழுதிக்கொள்ளுங்கள். நான் அவனைத் தொடவில்லை. நஞ்சு வைக்கவில்லை. முருகனிடம் போகிறவனை முருகன் பொறுப்பில் விட்டேன். இரண்டு வருடம் திருப்பி அனுப்பினான், மூன்றாம் வருடம் வைத்துக்கொண்டான். அந்த மூன்று வருடமும் அவன் கிளம்பும்போது பத்திரமாகப் போயிட்டு வா என்றுதான் சொல்லி அனுப்பினேன், அதற்கு நாற்பது பேர் சாட்சி இருக்கிறார்கள்.

சிங்கம்புணரி தாண்டி நத்தம் ரோட்டில் விடிவதற்குச் சற்று முன்னால் நடந்தது. எனக்குக் காலை ஏழரைக்கு போன் வந்தது. சீக்கிரமே கடை திறந்து ஒரு துணிக்கடைக்குப் பெயர் வெட்டிக்கொண்டிருந்தேன். டிராக் நைஃபைப் பாதிக் கோட்டில் நிறுத்தினால் திரும்ப எடுக்கிற இடத்தில் ஒரு வால் விழும். அதனால் அந்த எழுத்து முடியட்டும் என்று நின்றேன். அதன் பிறகு ஷட்டரை இறக்கிவிட்டுப் போனேன். ஆஸ்பத்திரியில் அவன் முகத்தில் ஒன்றும் ஆகியிருக்கவில்லை. அழுதேன். நடிப்பு என்று எழுதிவிடாதீர்கள், உண்மையாகவே அழுதேன். என் கூடப் பிறந்தவன்.

லாரி டிரைவர் சேவுகன் ஓடவில்லை. வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி வந்திருக்கிறான், குழுவினர் அடித்துவிட்டார்கள். அவன் ஸ்டேஷனில் சொன்னது அப்படியே என் காதுக்கு வந்தது. "முன்னாடி போன அம்புட்டுப் பேரும் மின்னுனாக. ஆளுக அங்குட்டுத்தான் இருக்காகன்னு நெனச்சேன். இங்குட்டு ஒருத்தர் இருந்தது தெரியல" என்று சொல்லியிருக்கிறான். நாற்பது பேர் மின்னியதால்தான் ஒருவன் தெரியாமல் போனான். இந்தக் கணக்கு நான் போட்டதில்லை, அவன் சொன்ன பிறகுதான் எனக்கே விளங்கியது.

யாரும் அவனை நம்பவில்லை. குடித்திருப்பான் என்றார்கள். இல்லை என்று பரிசோதனையில் வந்ததும், தூங்கியிருப்பான் என்றார்கள். அவன் சொல்வது உண்மை என்று தெரிந்த ஆள் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருவன்தான். வழக்கு அவன் மேல்தான் விழுந்தது. அவன் மனைவி இப்போது செங்கல் சூளைக்குப் போகிறாள் என்று கேள்வி. அதில் எனக்கு வருத்தம்தான். ஆனாலும் அவன் இன்னும் கொஞ்சம் மெதுவாக வந்திருக்கலாம்.

பை திரும்ப வந்தது. சந்திரலேகா அதைத் துவைத்து, சாமி படங்களுக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டினாள். தினமும் அந்த வேலுக்குப் பூ வைத்தாள். நான் போகும்போதெல்லாம் அது சுவரிலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. எடுத்துக்கொண்டு வந்து எரித்துவிடலாம் என்றால், பூ வைத்த பொருளை யார் எடுப்பது? கூப்பிட்டுக் கேட்டால் அவளே கொடுத்திருப்பாள். கேட்கத்தான் வாய் வரவில்லை.

சந்திரலேகா ஐந்தாம் வகுப்புத்தான் படித்தவள். வேலையை மகனுக்கே கொடுங்கள் என்று எழுதிக் கொடுத்தாள். தத்துப் பத்திரம், வாரிசுச் சான்று எல்லாவற்றுக்கும் நான்தான் அஜித்தோடு அலைந்தேன். பத்தே மாதத்தில் ஆணை வந்துவிட்டது, எல்லோருக்கும் ஆச்சரியம். ஆணையை எடுத்துக்கொண்டு நேரே என் கடைக்குத்தான் வந்தான். "அப்பா வேல எனக்கு வந்துருச்சு பெரியப்பா" என்று சொல்லிவிட்டுக் குலுங்கிக் குலுங்கி அழுதான். முதுகைத் தடவிக் கொடுத்தேன். எனக்கு நிறைவாக இருந்தது. பொய் சொல்வானேன், எங்கள் அப்பா இறந்த வருடத்திலிருந்து அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டேன்.

இத்தோடு முடிந்திருக்க வேண்டும். நான் செய்த ஒரே தவறு இனிமேல்தான் வருகிறது.

இந்தத் தை மாதம் அஜித் பழனிக்கு நடக்கப்போவதாகச் சொன்னான். வேலை கிடைத்ததற்கு வேண்டுதல். அதோடு அப்பா பார்த்த கடைசி ஆள் பொறுப்பையும் தானே பார்ப்பதாகக் குழுவில் கேட்டு வாங்கிவிட்டான். கிளம்புவதற்கு முந்தின நாள் எல்லோருக்குமான ரேடியம் வேல்களை வாங்கிப்போகக் கடைக்கு வந்தான். தோளில் அவன் அப்பாவின் பை.

புது வேல் ஒன்றை எடுத்து அதில் ஒட்டப் போனேன். வேண்டாம் என்றான். "அது கெடக்கட்டும் பெரியப்பா. அப்பா வேலு. அதோடதான் நடக்கணும்."

பழசு, ஓரம் தூக்கிக்கொள்ளும் என்றேன். அவன் நகத்தால் சுரண்டிக் காட்டினான், ஒரு ஓரமும் தூக்கவில்லை. அவ்வளவு ஒழுங்காக ஒட்டியிருந்தேன். இருட்டில் நடந்துபோகிற நாற்பது பேருக்குப் பின்னால், அந்த வேலைச் சுமந்துகொண்டு, என் பிள்ளை. நான் எதையும் யோசிக்கவில்லை. பையை அவன் தோளிலிருந்து இழுத்தேன். ஹீட்டரைக் காட்டிச் சூடேற்றி உரித்தேன், அவசரத்தில் விரல் சுட்டுக்கொண்டது. அந்த இடத்தில் ரேடியத்தை ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு ஒட்டினேன். ஷட்டரை இறக்கிவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தேன். போதாதென்று தோன்றியது, தள்ளி நின்று இன்னொரு தடவை அடித்துப் பார்த்தேன். பழைய வேல் மேஜையில் மல்லாந்து கிடந்தது. அஜித் அதை ஒரு தாளில் ஒட்டிப் பத்திரமாக எடுத்துக்கொண்டான். அம்மா கேட்பார்கள் என்றான். அதைப் பிடுங்க என்னால் முடியவில்லை.

அவன் நடந்த ஏழு நாளும் நான் ஒருவேளைதான் சாப்பிட்டேன். போனை மடியிலேயே வைத்திருந்தேன். சாமிக்கு விளக்கு வைக்கும்போது வீரலட்சுமிகூட, பாண்டி போகும்போதெல்லாம் நீங்கள் இப்படி இருந்ததில்லையே என்று கேட்டாள்.

உரித்த பழைய வேல் ஸ்டிக்கரை அவன் வீட்டில் கொடுத்துவிட்டுப் போகவில்லை. கையிலிருந்த தடிக்கம்பின் தலையில் ஒட்டிக்கொண்டு நடந்திருக்கிறான். அவன் அப்பா விழுந்த அதே ரோட்டில், பின்னாலிருந்து ஒரு வண்டியின் வெளிச்சம் வந்தபோது, முன்னால் போன அத்தனை முதுகுகளும் எரிந்திருக்கின்றன. கம்பில் இருந்த வேல் எரியவில்லை. நின்றுவிட்டானாம். அடுத்த வண்டி வரும்வரை காத்திருந்து மறுபடியும் பார்த்தானாம். பழனிக்குப் போய்க் கும்பிட்டுவிட்டுத்தான் திரும்பி வந்தான், நடுவில் யாரிடமும் சொல்லவில்லை. அந்தப் பொறுமை என்னுடையது.

வந்த அன்று காலையில் கடைக்கு வந்தான். கம்பை மேஜையில் வைத்தான்.

"இது மின்னாதுன்னு ஒங்களுக்கு எப்புடித் தெரியும் பெரியப்பா?"

எதைக் கேட்கிறாய் என்றேன்.

"நான் வேணாம்னு சொல்லச் சொல்லப் பறிச்சு உரிச்சீகள்ல. தெரியாமயா உரிச்சீக?"

சொல்வதற்குப் பத்துப் பதில் இருந்தது. கம்பெனிக்காரன் போலிச் சரக்குக் கொடுத்துவிட்டான் என்றிருக்கலாம். கண் சரியில்லாமல் ரோல் மாறிவிட்டது என்றிருக்கலாம், அதை அவன் நம்பியும் இருப்பான். ஆனால் அவன் என்னை நேராகப் பார்த்துக்கொண்டு நின்றான். இத்தனை வருடத்தில் அவன் என்னிடம் அவ்வளவு நேரம் முகம் கொடுத்துப் பேசியது கிடையாது. உண்மையைச் சொன்னால் புரிந்துகொள்வான் என்று நினைத்தேன்.

"ஒனக்காகத்தாண்டா செஞ்சேன். அந்த வேல ஒனக்கு வரணும்னுதான்" என்றேன்.

அவன் கத்துவான், அடிப்பான் என்று எதிர்பார்த்தேன். ஒன்றுமில்லை. கம்பை எடுத்துக்கொண்டான். "எனக்கு எங்கப்பா இருந்தாப் போதும் பெரியப்பா" என்றான். அங்கிருந்து நேரே உங்களிடம்தான் வந்திருக்கிறான்.

போனவனை எங்கப்பா என்றான். எதிரில் நின்ற என்னைப் பெரியப்பா என்றான். இதை நான் எழுத வேண்டியதில்லை, இருந்தாலும் எழுதுகிறேன். பாண்டி போன அன்று, மயானத்தில், அஜித் கொள்ளி வைத்துவிட்டு வந்தபோது பெரியவர்கள் அவனை என் பக்கம் தள்ளிவிட்டு, இனி இவர்தாண்டா ஒனக்கு அப்பா என்றார்கள். நானும் காத்திருந்தேன். மறுநாள், மறுமாதம், ஆணை வந்த நாள் என்று ஒரு வருடம் போயிற்று. தினமும் கடை வழியாகத்தான் பஸ் ஏறப் போவான். பெரியப்பா, போயிட்டு வாரேன் என்பான்.

சரி, நீங்கள் கேட்டதை முடித்துவிடுகிறேன். என் தம்பி பாண்டியராஜன் சாவுக்கு நான்தான் காரணம். இருட்டில் தெரியக்கூடாது என்று தெரிந்தே, மூன்று வருடம், மூன்று தடவை, என் சுயநினைவோடு அவனுக்கு அந்த வேல்களை வெட்டி ஒட்டினேன். டிரைவர் சேவுகன் சொன்னது அத்தனையும் உண்மை, அவன் மேல் உள்ள வழக்கை வாபஸ் வாங்குங்கள். என்னை யாரும் மிரட்டி இதை எழுத வைக்கவில்லை. அடித்தல் திருத்தல் எதுவும் இல்லை என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

திருத்த வேண்டியது உங்கள் பக்கம்தான் ஒன்று இருக்கிறது. முதல் தகவல் அறிக்கையை எனக்குப் படித்துக் காட்டினீர்கள். அதில் புகார் கொடுத்தவர் அஜித், தகப்பனார் பெயர் பாண்டியராஜன் என்று போட்டிருக்கிறீர்கள். அவனைப் பெற்றவன் நான். அந்த இடத்தில் சத்தியமூர்த்தி என்று திருத்திப் போடுங்கள். ஏட்டையாவிடம் இதைச் சொன்னபோது அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அரசாங்கப் பதிவில் உங்கள் பெயர் ஏறினால் அந்தப் பையன் பாண்டியராஜனின் வாரிசு இல்லை என்று ஆகிவிடும், வேலை போய்விடுமே என்றார்.

போகட்டும்.